திலோசனா.இலங்கை

என் பழைய நம்பருக்கு நானே கோல் எடுத்தேன்.
ஓர் ஆண்குரல் "ஹலோ" என்றது,
பின்னால் லொறி இரைச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம்.

தோஹாவில் இரண்டு வருசம்.
காசு போடாமல் விட்ட சிம் செத்து, மறுபிறப்பெடுத்து
வாழைச்சேனையில் ஒரு மீன் லொறிக்குள் இருந்தது.
இல்முதீன் என்று பெயர் சொன்னார்.
நான் என் பெயரைச் சொல்லவில்லை.
"நானா, இப்ப உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும்,
அதில ஆறு இலக்கம் இருக்கும்" என்றேன்.

நாலு மாதம் இப்படித்தான்
என் வீட்டுக்குள் நான் போனேன்.
வரைபடங்கள் கிடக்கும் பெட்டிக்கு,
காசு வரும் வழிக்கு,
ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கு முன்னும் நின்று
வாழைச்சேனைக்கு ஒரு கோல்.
"நாலு… பூச்சியம்… பொறுங்க தங்கச்சி, கையில செதில்…"
நல்ல மனிசன்.
அதுதான் பயமாக இருந்தது.
என் சாவிக்கொத்து முழுவதும்
முகம் தெரியாத ஒருவரின் நல்ல மனதில் தொங்கியது.

பெயரை வாங்கலாம் என்று அப்போதுதான் யோசித்தேன்.
எந்தப் பெயரை?
அடையாள அட்டையில் நான் ஜே போட்ட திலோஜனா.
பாஸ்போட்டில் எச் இல்லை.
பிறப்புப் பதிவில் பதிவாளர் அவசரத்தில்
ஒரு மெய்யெழுத்துக் கூட்டித் தில்லோசனா.
வங்கிக்காரி மூன்றையும் மேசையில் அடுக்கி
"இதில ஆர் நீங்க?" என்றாள், சிரிக்காமல்.
மூவரும் ஒருத்திதான் என்று
சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன்.

ஆகவே தமிழிலேயே எழுதினேன்.
திலோசனா, ஒரு புள்ளி, இலங்கை.
ஆரையம்பதியில், மருந்துக்கடைக்கு மேல் அறையில்,
இரவு பதினொன்றரைக்கு அது எனக்கானது.
ஒரு பக்கம் வைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை:
பெயர், வீட்டுப் படம் கீறுபவள் என்று ஒரு வரி,
கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு வரி,
யாராவது என்னை விசாரித்து வந்தால்
எந்தக் கதவில் தட்டவேணும் என்று.

முதல் பெட்டி ஏற்கவில்லை. சரியான முகவரி தருக.
அடுத்தது ஏற்றது, ஆனால் பெயரை உருக்குலைத்து:
எக்ஸ், என், இரண்டு கோடு, அதற்குப் பிறகு
பூனை விசைப்பலகையில் நடந்தது போல எழுத்துகள்.
சரி, நாலாவது பிழை என்று நினைத்தேன்.
இல்லை. எத்தனை தரம் போட்டாலும் அதே குழப்பம்,
ஓர் எழுத்தும் மாறாமல், என்னிடமே திரும்பி வந்தது.
பிழை அப்படி இராது.
பிழைக்கு ஞாபகசக்தி கிடையாது.

மறுகா அது நடந்தது.
அந்தப் பெட்டி என்னை ஒன்றும் கேட்கவில்லை.
வாழைச்சேனையையும் கேட்கவில்லை.
நேரே என் பக்கத்துக்குப் போய்
"வெளியில நிக்கிறவள் இந்த வீட்டுக்காரியா?" என்றது.
வீடு "ஓம்" என்றது.

சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை நான்.
"ஓம், இவள்தான்" என்று சொல்ல
ஆரையாவது கூட்டிப்போகவேண்டிய வயது ஒன்று இருந்தது.
தேத்தண்ணி ஆறிப்போகும்வரை
வெளியே வந்தேன், உள்ளே போனேன்,
திரும்ப வெளியே வந்தேன், உள்ளே போனேன்.

சொந்தம் என்றும் சொல்லேலாது.
ஒவ்வோர் ஆவணியும் காசு கட்டவேணும்.
ஒரு வருசம் மறந்தால்
என் பெயரும் அந்த சிம்மைப் போலவே சந்தைக்கு வரும்.
எவரோ வாங்கி, என் வாசலில் நின்று
"ஓம்" சொல்லலாம்.
கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்,
கரண்ட் பில்லுக்குக் கீழே.

போன வெள்ளி அந்தப் பழைய நம்பர் என்னை அழைத்தது.
ஒரு கணம், நானே என்னைக் கூப்பிடுகிறேனோ என்று
எடுக்கத் தயங்கினேன்.
"இப்ப நம்பரொண்டும் வருகுதில்ல, சுகமா இரிக்கீங்களா?"
சுகம் நானா. வேற வழி கிடைச்சிற்று.
"அல்ஹம்துலில்லாஹ். ஏதும் கோவமோ எண்டு நினைச்சன்."
என்னை என்ன பேரில போட்டு வச்சிருக்கிறீங்க என்று கேட்டேன்.
சிரித்தார்.
"ஆறு நம்பர் தங்கச்சி."

பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.